குடமும் பெட்டியும்

சனிக்கிழமை மாலை, மறுநாள் திருப்பலிக்கான பாடற்பயிற்சி. நம் மாவட்டத்துப் பங்கு ஆலயங்கள் பலவற்றில் இன்று காணக்கூடிய காட்சிதான். பாடகர் குழுவின் இளைஞர் ஒருவர் கறுப்பு உறையிலிருந்து மின் கித்தாரை எடுக்கிறார். சோப்புப் பெட்டி அளவில் நான்கைந்து உலோகப் பெட்டிகளைக் காலடியில் வரிசையாக வைத்து, ஒன்றோடொன்று கம்பியால் இணைக்கிறார். மீட்டியதும் தெளிந்த நாதம் எழுகிறது. ஒரு பெட்டியைக் காலால் அழுத்தியதும் அதே நரம்பு கரகரக்கிறது. வேறொன்றை அழுத்தினால் அந்த நாதம் குகைக்குள்ளிருந்து வருவதுபோல் நீண்டு தேய்கிறது. ஆர்மோனியத்தின் முன் அமர்ந்திருக்கும் பெரியவர் நிமிர்ந்து பார்க்கிறார்.

"என்ன மக்ளே, இது கோயிலா, கச்சேரி மேடையா?"

"பாட்டு கொஞ்சம் நெறஞ்சு கேக்கட்டுமேன்னுதான் மாமா."

நாம் இருவர் பக்கமும் நின்று பார்த்திருக்கிறோம். பெரியவரின் கேள்வியில் நியாயம் உண்டு. இளைஞரின் விடையிலும் உண்டு. அவ்விருவருக்கும் தீர்ப்புச் சொல்லும் முன்னர், அந்தச் சிறு பெட்டிகள் எங்கிருந்து வந்தன என்று வரலாற்றைக் கேட்டுவிடுவது நல்லது. கேட்டால் நாம் எதிர்பாராத செய்தி ஒன்று கிடைக்கிறது. அவற்றுள் சில, கேளிக்கைக் கூடத்தில் பிறந்தவை. வேறு சில, ஆலயத்தின் ஒலியைத் தேடிப் புறப்பட்டவை.

குடத்தின் கார்வை

ஒலியின் நிறத்தை மாற்றும் கலை நாஞ்சில் நாட்டுக்குப் புதிதன்று. வில்லுப்பாட்டை எண்ணிப் பார்ப்போம். நீண்ட வில், அதன் இரு முனைகளையும் இணைக்கும் நாண், வில்லில் தொங்கும் மணிகள், நாணின்மேல் தாளத்தோடு விழும் வீசுகோல். இவை மட்டும் இருந்தால் நாணின் ஒலி மெலிந்தே கேட்கும். வில்லை ஒரு மண்குடத்தின் கழுத்தோடு பொருத்திய பிறகுதான் அதற்குக் கனம் கிடைக்கிறது. நாணின் அதிர்வு குடத்துக்குள் அடைபட்ட காற்றை அசைக்கிறது; குடம் தன் வயிற்றுக்கு உகந்த சுரங்களை வாங்கிப் பெருக்கித் திருப்பித் தருகிறது. ஒழுகினசேரிக்காரரான கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் (1908–1957) இக்கலையைக் கோயில் கொடைகளுக்கு அப்பாலும் பல மேடைகளுக்குக் கொண்டு சென்றார். நம் ஆலயத் திருவிழாக்களிலும் புனிதர்களின் வரலாறுகளை வில்லிசையில் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மிடையே பலர்.

தம்புராவை மீட்டுகிறவர் செய்யும் செயல் இன்னும் நுட்பமானது. குதிரையின்மேல், கம்பிக்கு அடியில், ஒரு நூலிழையைச் செருகி மெல்ல நகர்த்துவார். ஓரிடத்தில் திடீரெனக் கம்பி ரீங்கரிக்கத் தொடங்கும். தெளிந்த ஒலியை ஒரு சிறு தடையால் உரசவிட்டு, அதிலிருந்து மேற்சுரங்களை எழுப்பும் உத்தி அது. அந்த நூலுக்கு நம் இசைவாணர் இட்ட பெயர் ஜீவா, அதாவது உயிர். இளைஞரின் காலடியில் கிடக்கும் பெட்டிகள் மின்சாரத்தால் செய்வது பெரும்பாலும் இவ்விரண்டு வேலைகளையே: குடம் செய்யும் வேலை, நூல் செய்யும் வேலை.

வெளியிலிருந்து வந்தவை

பெரியவர் வாசிக்கும் ஆர்மோனியமும் நம் மண்ணில் முளைத்ததன்று. ஐரோப்பாவிலிருந்து வந்த அக்கருவியை 1940-ல் அகில இந்திய வானொலி தன் நிகழ்ச்சிகளிலிருந்து விலக்கி வைத்தது. நம் இசையின் நுண்சுரங்களுக்கும் கமகங்களுக்கும் அது ஒத்துவராது என்பது காரணம். அத்தடை தளரப் பல்லாண்டுகள் ஆயின. அதற்கிடையே நம் ஆலயங்களில் அது பாட்டுக்குத் தாயாகவே ஆகிவிட்டது.

வயலினும் அப்படித்தான். பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) சென்னையில் ஆங்கிலேயர் வழியாக வந்த வயலினைக் கற்று, அதில் கர்நாடக இசையை வாசித்தார். தஞ்சை நால்வருள் இளையவரான வடிவேலு அதைத் திருவிதாங்கூர் அரசவைக்குக் கொண்டு சென்றார். 1834-ல் மன்னர் சுவாதித் திருநாள் அவருக்குத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார். நாஞ்சில் நாடு அன்று அந்த மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டது. நம் முன்னோர் காலத்தில் அரசவை ஏற்ற அந்நியக் கருவியை இன்று அந்நியம் என்று சொல்வார் இல்லை.

இசைக்கருவிகளின் அரசி என்று நாம் போற்றும் ஆர்கன் எங்கே பிறந்தது? கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தெசிபியுஸ் என்ற பொறியாளர், நீரின் அழுத்தத்தால் காற்றை ஊதும் கருவியாக அதைச் செய்தார். உரோமையர் அதைக் களியாட்ட அரங்குகளில் ஒலிக்கவிட்டனர். 757-ல் பைசாந்தியப் பேரரசர் ஐந்தாம் கான்ஸ்தந்தீன், பிராங்கு நாட்டு மன்னர் பெப்பினுக்கு ஓர் ஆர்கனைப் பரிசாக அனுப்பினார். அரண்மனைக்கு வந்த அந்த வியப்புப் பொருள் வழிபாட்டுக் கருவியாக நிலைபெற மேலும் பல தலைமுறைகள் பிடித்தன. ஒரு கருவி எங்கே பிறந்தது என்பதைக்கொண்டு மட்டும் அதன் தகுதியை அளக்க இயலாது என்பதற்கு ஆர்கனே முதற்சான்று.

காந்தமும் கம்பியும்

1831-ல் மைக்கேல் பாரடே, காந்தப்புலம் மாறும்போது அருகிலுள்ள கம்பிச்சுருளில் மின்சாரம் தோன்றுவதைக் கண்டறிந்தார். சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1931-ல், அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சம் என்ற இசைக்கலைஞர் அந்த உண்மையைக் கித்தாருக்குப் பயன்படுத்தினார். நடன இசைக்குழுக்களின் ஊதுகருவி முழக்கத்தில் கித்தாரின் குரல் அமிழ்ந்துபோனதே அவருடைய கவலை. நரம்புகளின் அருகே காந்தமும், மெல்லிய செம்புக்கம்பிச் சுருளும் வைத்தார். எஃகு நரம்பு அதிரும்போது சுருளில் மிகச்சிறிய மின்னலை ஒன்று பிறந்தது. இதுவே 'பிக்கப்'. 1932-ல் ரிக்கன்பேக்கர் நிறுவனத்தார் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். அலுமினியத்தாலான அந்தக் கருவி, நீண்ட கைப்பிடி வைத்த வாணலிபோல் இருந்ததால் அந்தப் பெயராலேயே அழைக்கப்பட்டது.

அந்தச் சிறு அலையைப் பெருக்குவது ஆம்ப்ளிபையரின் வேலை. தொடக்கத்தில் அது வால்வுகளால் இயங்கியது. உள்ளீடற்ற கட்டைக் கித்தார்கள் ஒலிபெருக்கியின் அருகே வந்தால் ஊளையிடும்; அதைத் தவிர்க்க, 1950-ல் லியோ பெண்டர் கனமரத்தால் ஆன கித்தாரைப் பெருமளவில் செய்து விற்கத் தொடங்கினார். இப்போது கருவியின் உடல் பாடுவது குறைந்தது. வில்லுப்பாட்டின் மொழியில் சொன்னால், குடம் வில்லைவிட்டுப் பிரிந்து, சற்றுத் தொலைவில் ஒரு பெட்டியாக உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து கித்தார்க்காரரின் நாதத்தில் பாதி அவர் விரலிலும், மீதி அந்தப் பெட்டியிலும் இருக்கிறது.

பழுது தந்த நாதம்

அக்காலப் பொறியாளர்கள் விரும்பியது தெளிந்த ஒலியை. தாங்கும் அளவுக்கு மேல் ஆம்ப்ளிபையரை முடுக்கினால், அலையின் முகடுகள் வெட்டுண்டு தட்டையாகின்றன. வெட்டுண்ட அலையில் மூல ஒலியில் இல்லாத புதிய மேற்சுரங்கள் தோன்றுகின்றன, ஒலி கரகரக்கிறது, ஆனால் விரைவில் தேயாமல் நெடுநேரம் நிற்கவும் செய்கிறது. பொறியாளர் குறையென்று கண்டதைச் சில இசைஞர்கள் வேறு காதுகளால் கேட்டார்கள்.

1951-ல் மெம்பிஸ் நகருக்கு ஒலிப்பதிவுக்காகச் சென்ற ஐக் டர்னர் குழுவின் ஆம்ப்ளிபையர் வழியிலேயே பழுதாயிற்று. மாற்று இல்லை, ஒலிபெருக்கிக்குள் காகிதத்தைத் திணித்து ஒருவாறு சமாளித்தனர். அந்தக் கரகரப்போடு வெளிவந்த பாட்டு பெரும் வெற்றி பெற்றது. 1960-களின் தொடக்கத்தில் நாஷ்வில் நகரின் ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றில், கலவைப் பலகையின் ஒரு பாதை கெட்டுப்போய், கிரேடி மார்ட்டின் என்பவரின் கித்தார் தேனீக் கூட்டம்போல் ஒலித்தது. பதிவை அழிக்காமல் விட்டார்கள். பிறரும் அதே ஒலியைக் கேட்டு வரவே, பொறியாளர் கிளென் ஸ்னாடி அந்தப் பழுதை டிரான்சிஸ்டர்களால் வேண்டுமென்றே உண்டாக்கும் சுற்று ஒன்றை அமைத்தார். 1962-ல் கிப்சன் நிறுவனம் அதை 'மேஸ்ட்ரோ பஸ்-டோன்' என்ற மிதிபெட்டியாக விற்றது. கித்தாரைப் பித்தளைக் குழல்போல் ஒலிக்கச் செய்யும் கருவி என்று விளம்பரம் செய்தார்கள், வாங்குவோர் குறைவு. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பாடல் ஒன்றில் அது ஒலித்த பின்னரே கடைகளில் தீர்ந்துபோனது.

அதே 1965-ல் இலண்டனில் யார்ட்பேர்ட்ஸ் குழுவினர் ஒரு பாட்டுக்குச் சித்தார்க் கலைஞரை அழைத்துப் பதிவு செய்தனர். ஆனால் வெளிவந்த பதிப்பில் ஒலித்தது, சித்தாரைப் போலவே ரீங்கரித்த ஜெப் பெக்கின் கித்தார். உதவியது கரகரப்புப் பெட்டி. நம் தம்புராவின் நூலும் மேலைநாட்டுப் பெட்டியும் ஒரே நாதத்தைத் தேடி வெவ்வேறு வழியில் நடந்து, இவ்வாறு ஒரு முச்சந்தியில் சந்தித்துக்கொண்டன.

பெட்டிக்குள் ஆலயம்

இனி, நாதத்தை நீளச்செய்யும் பெட்டிக்கு வருவோம். 1935-ல் லாரன்ஸ் ஹாமண்ட் மின் ஆர்கனைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத பல ஆலயங்கள் அதை வாங்கின. ஆனால் சிறிய கட்டடங்களிலும் வீடுகளிலும் அது வறண்டு ஒலித்தது. பேராலயத்தில் ஆர்கனுக்கு அழகு சேர்ப்பது குழாய்கள் மட்டுமல்ல; உயர்ந்த கூரையிலும் கற்சுவர்களிலும் மோதி மோதித் திரும்பும் கார்வையும்தான். அந்தக் கார்வைக்கு என்ன செய்வது?

தொலைபேசி ஆய்வில் ஈடுபட்டிருந்த பெல் ஆய்வுக்கூடத்தார், நெடுந்தொலைவுத் தடத்தில் குரல் தாமதமாகச் சேர்வதை ஆராயச் சுருள்வில்களைப் பயன்படுத்தியிருந்தனர். ஹாமண்ட் அதை எடுத்துக்கொண்டார். ஒலியின் அதிர்வைச் சுருள்வில்லின் ஒரு முனையில் செலுத்தினால், அது முன்னும் பின்னும் ஓடித் தேய்ந்து, மறுமுனையில் கார்வையாக வெளிவரும். பேராலயத்தின் உயரத்தை ஒரு பெட்டிக்குள் சுருட்டி வைத்த உத்தி அது. 1961-ல் பெண்டர் நிறுவனம் அந்தச் சுருள்வில்லைக் கித்தாருக்கான தனிப்பெட்டியாக்கியது. 1963 முதல் ஆம்ப்ளிபையருக்குள்ளேயே பொருத்தத் தொடங்கியது. இன்று 'ரிவர்ப்' என்று இளைஞர் சொல்லும் சொல்லுக்குப் பின்னால் இருப்பது ஆலயத்தை நோக்கிய ஏக்கம்.

'வா-வா' என்று மழலைபோல் பேசும் மிதிபெட்டியின் கதையும் ஆர்கனைத் தொடுகிறது. 1966-ல் தாமஸ் ஆர்கன் நிறுவனத்தின் இளம் பொறியாளர் பிராட் பிளங்கெட் அதன் சுற்றை உருவாக்கினார். அதை ஆர்கனின் ஒலியளவு மிதியில் பொருத்திச் சோதித்தார்கள். காலால் ஒலியை ஆளும் பழக்கமே ஆர்கன் வாசிப்போரிடம் கற்றதுதான்.

தமிழ் நாதம்

நம் மக்களின் காதுகளுக்குக் கித்தாரைப் பழக்கியது திரையிசை. 'அன்னக்கிளி' (1976) மூலம் இசையமைப்பாளரான இளையராஜா, அதற்குமுன் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை பயின்றவர்; பிற இசையமைப்பாளர்களுக்குக் கித்தார் வாசித்தவர். அவருடைய இசைக்குழுவில் ஆர். சந்திரசேகர், சதானந்தம் போன்ற கித்தார்க் கலைஞர்கள் விளங்கினர். 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் 'இளைய நிலா' பாட்டில் வரும் சந்திரசேகரின் கித்தார் இழைகளை வாசித்துப் பார்க்காத கித்தார் மாணவர் நம் ஊர்களில் அரிதே.

கர்நாடக இசையில் இதன் பயன் வேறு வகையானது. மாண்டலின் நரம்பு மீட்டிய கணமே தேய்ந்துவிடும். கமகம் வளைய நேரம் இராது. உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) எட்டு நரம்புகளுக்கு மாறாக ஐந்து தனி நரம்புகள் கொண்ட மின் மாண்டலினை எடுத்துக்கொண்டார். பிக்கப்பும் ஆம்ப்ளிபையரும் நரம்பின் ஆயுளை நீட்டிக் கொடுக்க, அதில் அவர் இராகங்களை முழுமையாக ஆலாபனை செய்தார். மின் கித்தாரில் சுகுமார் பிரசாத் இப்பாதையில் நடந்தார். பின்னர், சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியலும், பாஸ்டன் பெர்க்லியில் இசையும் கற்ற ஆர். பிரசன்னா அதை உலக மேடைகளுக்கு எடுத்துச் சென்றார். கருவி வாசிப்பவரை மாற்றிவிடும் என்று நாம் அஞ்சுகிறோம். வாசிப்பவர் கருவியை மாற்றிய கதைகள் இவை.

திருச்சபை சொன்னது

திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1903 நவம்பர் 22 அன்று, இசையின் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாளில், திருஇசை பற்றிய ஆணையை வெளியிட்டார். ஆலயத்தில் பியானோவும், முரசு, கைத்தாளம் முதலியனவும் கூடா என்றார். அரங்க இசை ஆலயத்துக்குள் நுழைந்து வழிபாட்டை நாடகமாக்கிய காலம் அது. ஆனால் அதற்கு முன்னரே கித்தார் ஆலயத்தில் ஒலித்திருந்தது. 1818 கிறிஸ்து பிறப்பு இரவில், ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ப் என்ற சிற்றூரில், 'அமைதியின் இரவு' என்று உலகம் பாடும் பாட்டு முதன்முதலில் பாடப்பட்டபோது, துணை நின்றது அருள்தந்தை யோசேப் மோரின் கித்தாரே.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டின் 120-ஆம் பத்தி குழாய் ஆர்கனை மிக உயர்வாக மதிக்கிறது. பிற கருவிகளும் வழிபாட்டுக்கு ஏற்றவையாக இருந்தால், அல்லது ஏற்றவையாக ஆக்க முடிந்தால், உரிய திருச்சபை அதிகாரத்தின் இசைவோடு பயன்படுத்தலாம் என்கிறது. 1967-ஆம் ஆண்டின் 'மூசிக்காம் சாக்ராம்' என்ற அறிவுறுத்தல் இரு எல்லைகளை இடுகிறது: பொதுமக்கள் கருத்திலும் வழக்கிலும் உலகியல் இசைக்கே உரிய கருவி கூடாது, ஏற்கப்பட்ட கருவியும் பாடலின் சொற்களை அமிழ்த்திவிடக்கூடாது.

இடைப்பட்ட காலத்தில் முயற்சிகள் விரைந்தன. 1966 ஏப்ரல் 27 அன்று உரோமையில் மார்செல்லோ ஜோம்பினி இசையமைத்த இளைஞர் திருப்பலிப் பாடல்கள் மின் கித்தார்களோடு ஒலித்தன. பாராட்டும் கண்டனமும் ஒருங்கே எழுந்தன. 1968-ல் அமெரிக்காவின் எலெக்ட்ரிக் புரூன்ஸ் குழு, இலத்தீன் திருப்பலிப் பாடல்களைக் கரகரப்புக் கித்தாரோடு இசைத்தட்டாக வெளியிட்டது. இசைத்தட்டில் கேட்க அது வியப்பாகவே இருக்கிறது; ஆனால் கூடியிருப்போர் சேர்ந்து பாட அதில் இடமில்லை.

பயிற்சி மாலையும் ஞாயிறு காலையும்

இங்கே பெரியவரும் இளைஞரும் சேர்ந்து கற்க வேண்டிய அறிவியல் ஒன்று உண்டு. 1895-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஓர் உரையரங்கு கட்டினார்கள். பேச்சு ஒன்றும் விளங்கவில்லை. இளம் பேராசிரியர் வாலஸ் சபைன் இரவு நேரங்களில் ஓர் ஆர்கன் குழாயை ஊதி, ஒலி மறையும் நேரத்தை அளந்தார். வெற்றரங்கில் ஐந்தரை நொடி! அருகிலிருந்த அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து அடுக்கியபோது அது குறைந்தது. மனித உடலும் உடையும் மெத்தையைப் போலவே ஒலியை உறிஞ்சும் என்றும் கண்டார்.

நம் ஆலயங்களிலும் இதுவே நடக்கிறது. சனிக்கிழமை வெற்று ஆலயத்தில் அளந்து வைத்த நாதம் ஞாயிறன்று மக்கள் நிறைந்ததும் மாறிவிடுகிறது. கற்சுவரும் உயர்கூரையும் ஏற்கெனவே கார்வை தரும் இடத்தில், ரிவர்ப் பெட்டியையும் திறந்தால் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. தாழ்வான கூரையும் துணிப்பந்தலும் உள்ள இடத்தில் அதே பெட்டி துணையாகிறது. கித்தாரின் நடுச்சுரங்கள் மனிதக் குரலின் பரப்பிலேயே ஒலிப்பவை. பாடும்போது அவற்றைச் சற்றுத் தணித்தால் குரல் தானே மேலெழும். கரகரப்புப் பெட்டியை மிகக்குறைந்த அளவில் வைத்தால் நாதம் ஆர்கன்போல் நீளும். கூட்டினால் பாடலை விழுங்கும். முட்டம், குளச்சல் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று நரம்பையும் இணைப்புகளையும் அரிப்பதால், அங்கே துடைக்கும் துணியும் இசைக்கருவியின் பகுதியே.

இழந்துவிடக்கூடாத ஒன்று

இன்று கணினியால் ஒரு கட்டடத்தின் கார்வையையே பதிவு செய்து வைக்க முடிகிறது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கான்ஸ்தாந்திநோபிளின் அகியா சோபியாவுக்குள் பலூன்களை வெடித்து, அதன் நெடிய கார்வையை, ஏறத்தாழ 11 நொடி, பதிவு செய்தனர். அதைக்கொண்டு 'காப்பெல்லா ரொமானா' என்ற பாடகர் குழு, பழைய பைசாந்திய வழிபாட்டுப் பாடல்கள் அந்தக் கூரையின்கீழ் எவ்வாறு ஒலித்திருக்கும் என்பதை 2019-ல் இசைத்தட்டாகத் தந்தது. இளைஞரின் ரிவர்ப் பெட்டிக்கும் அந்த ஆய்வுக்கும் அடிப்படை எண்ணம் ஒன்றே.

நம் மாவட்டத்தில் பழைய ஆலயங்களை இடித்துப் புதியன எழுப்புகிறோம். இடிக்கும் முன் ஒளிப்படம் எடுக்கிறோம். பீடத்தின் வேலைப்பாட்டைப் பாதுகாக்கிறோம். அடிக்கல்லின் எழுத்தைப் படியெடுக்கிறோம். அந்த ஆலயம் எப்படி ஒலித்தது என்பதை யாரும் எடுத்து வைப்பதில்லை. தாத்தா பாடிய ஒப்பாரிப் பாடலும், பெரிய வெள்ளியன்று மணியின்றி ஒலித்த மரக்கட்டை ஓசையும் எந்தச் சுவரில் மோதித் திரும்பி நம் முன்னோர் செவியில் விழுந்தனவோ, அந்தச் சுவரோடு அந்த நாதமும் போய்விடுகிறது. இடிந்த சுவரை ஒளிப்படத்தில் பார்க்கலாம். பதியாத கார்வையை எதைக்கொண்டு கேட்பது?

இதைக் காக்கப் பெருஞ்செலவு தேவையில்லை. வெற்று ஆலயத்தின் நடுவே ஒருவர் நின்று பலமாகக் கைதட்டவோ பலூன் ஒன்றை வெடிக்கவோ வேண்டும். இன்னொருவர் நல்ல ஒலிவாங்கி கொண்டு, ஒலி முற்றிலும் அடங்கும்வரை பதிவு செய்ய வேண்டும். எந்த இடத்தில் நின்றால் ஆலயம் நன்றாக ஒலிக்கும் என்பது பெரியவருக்குத் தெரியும். எப்படிப் பதிவு செய்வது என்பது இளைஞருக்குத் தெரியும். அடுத்த சனிக்கிழமைப் பயிற்சிக்கு இருவரும் அரைமணி நேரம் முன்னதாக வந்தால் போதும்.